மூன்று சாட்சிகள்: சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனைகள்

(ஜமாஅத்தின் வருடாந்திரப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வழக்கமாக இக்கூட்டத்தில் கல்வியைப் பற்றியோ, ஜகாத் நிதியைப் பற்றியோ பேசுவது என் வழக்கம். இவ்வாண்டு ஒரு திருத்தத்தைச் சொல்வதற்காக உங்கள் முன் நிற்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளிவாசல் மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் நடத்தினோம். லுஹர் தொழுதுவிட்டு வந்தவர்களுக்கு விரல் நுனியில் ஊசி குத்தி, ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, சர்க்கரை அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த ஜும்ஆவில் நான் மிம்பரில் நின்று, “நார்மல் என்று சீட்டு பெற்றவர்களுக்குச் சர்க்கரை இல்லை, அவர்கள் நிம்மதியாக இருக்கலாம்” என்று அறிவித்தேன். என்னிடம் அதற்கான அறிவு இல்லை, ஆயினும் அறிவித்துவிட்டேன்.

அந்தச் சீட்டு பெற்றவர்களில் நம் மஹல்லாச் சகோதரர் ஒருவரும் இருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். துறைமுகத்திற்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர். சீட்டில் 132 என்று எழுதியிருந்தது. சென்ற ஆண்டு அவர் காலில் செருப்பு கடித்த ஒரு சிறு புண் ஆறாமல் போய், மருத்துவமனைக்குச் சென்றபோது இரத்தச் சர்க்கரை 300ஐத் தாண்டியிருந்தது. இரண்டு கால் விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நலம் விசாரிக்கச் சென்ற என்னிடம், பர்ஸிலிருந்து அந்தப் பழைய சீட்டை எடுத்துக் காட்டி, “ஹஜ்ரத், நீங்க சொன்னதுக்கப்புறம் நான் பார்க்கவே இல்லை” என்றார். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். இதை உங்களிடம் சொல்ல அவரே அனுமதி தந்துள்ளார்.

முகாம் நடந்த அன்றே அவருக்கு நோய் இருந்தது என்று நான் கூறவில்லை. அது அல்லாஹ் அறிந்தது. ஆனால் அந்த ஒரு சொட்டு இரத்தத்தால் “இல்லை” என்று தீர்ப்புக் கூற முடியாது. அதை நான் பின்னரே கற்றேன். கற்றதை உங்களிடம் ஒப்படைப்பது என் கடமை. உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம். அதைப் பற்றித் தவறான சொல் மிம்பரிலிருந்து போயிருந்தால், சரியான சொல்லும் அங்கிருந்தே வர வேண்டும்.

அன்புச் சகோதரர்களே!

சர்க்கரை நோய் ஒரே நாளில் வருவதன்று. இரத்தச் சர்க்கரை இயல்பான அளவைக் கடந்து, நோய் என்று பெயரிடும் அளவை எட்டாத ஓர் இடைநிலை உண்டு. மருத்துவர்கள் அதனை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்கின்றனர். பொதுவாக அதற்கு அறிகுறி எதுவும் இல்லை. தாகம் இல்லை, களைப்பு இல்லை, புண்ணும் இல்லை. பரிசோதனை ஒன்றே அதைக் காட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பேராய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், சுமார் 13 கோடியே 60 இலட்சம் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக அது மதிப்பிட்டது. நோயாளிகளைவிட நோயின் வாசலில் நிற்பவர்களே அதிகம் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இந்த வாசலில் நிற்பவரைக் கண்டறிய மூன்று பரிசோதனைகள் ஏற்கப்பட்டுள்ளன.

முதலாவது, வெறும் வயிற்றுப் பரிசோதனை. குறைந்தது 8 மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் உட்கொள்ளாமல், காலையில் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்ப்பது. 100 மில்லி லிட்டருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோலில் 100 முதல் 125 வரை முந்தைய நிலை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலிலோ அது 110இல்தான் தொடங்குகிறது. அமெரிக்கச் சங்கமும் முன்பு 110 என்றே வைத்திருந்து, 2003ஆம் ஆண்டில் 100 ஆகக் குறைத்தது. எனவே 104 என்று வந்த ஒருவருக்கு ஓரிடத்தில் “நார்மல்” என்றும், மற்றோரிடத்தில் “கவனம் தேவை” என்றும் சொல்லப்படலாம். இருவரும் பொய் சொல்லவில்லை. கையில் வைத்திருக்கும் அளவுகோல்தான் வேறு.

இரண்டாவது, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது. வெறும் வயிற்றில் முதல் இரத்தம் எடுத்தபின், 75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடங்களுக்குள் குடிக்க வேண்டும். பிறகு நடக்காமல், பீடி சிகரெட் புகைக்காமல் அமர்ந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் எடுக்கும் இரத்தத்தில் 140 முதல் 199 வரை இருந்தால் முந்தைய நிலை. 200உம் அதற்கு மேலும் நோய். அதற்கு முந்தைய மூன்று நாள்களும் வழக்கமான உணவையே உண்டிருக்க வேண்டும். “நாளைக்கு டெஸ்ட்” என்று சோற்றைக் குறைத்துக்கொண்டு போவது, பரிசோதனையையல்ல, நம்மையே ஏமாற்றுவதாகும். வீட்டில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. அது ஏற்கெனவே நோயுள்ளவருக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கப் பயன்படும். ஒருவர் நான்கு இட்லி, மற்றவர் இரண்டு பரோட்டா என்றிருக்கையில் ஒரே அளவுகோல் எப்படிப் பொருந்தும்?

மூன்றாவது, ஏ1சி என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை. இரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டில் சர்க்கரை ஒட்டியுள்ளது என்பதை இது அளக்கிறது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள்கள் வாழ்கிறது. ஆகவே இது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்லும். 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5உம் அதற்கு மேலும் நோய். நோயைக் கண்டறிய இதனை அமெரிக்கச் சங்கம் 2010இலும், உலக சுகாதார நிறுவனம் 2011இலும் ஏற்றுக்கொண்டன. பட்டினி வேண்டாம், எந்த நேரத்திலும் எடுக்கலாம். விலைதான் மற்றவற்றைவிடக் கூடுதல்.

இம்மூன்றும் ஒரே பதிலைத் தருவதில்லை என்பதே இன்றைய உரையின் மையக் கருத்து. லாரிச் சகோதரரைப் பார்த்துவிட்டு வந்த வாரத்தில் நானும் சென்று மூன்றையும் எடுத்தேன். வெறும் வயிற்றில் 98. அதாவது நார்மல். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 163. ஏ1சி 5.8. முதல் தாளோடு நான் வீடு திரும்பியிருந்தால், “அல்ஹம்துலில்லாஹ், ஒன்றுமில்லை” என்று இருந்திருப்பேன். “எது உண்மை?” என்று மருத்துவரிடம் கேட்டேன். “மூன்றும் உண்மை, மூன்றும் வெவ்வேறு கேள்விக்கான பதில்” என்றார்.

மதரஸாவில் சாட்சியம் பற்றிய பாடத்தைப் படித்த எனக்கு அது எளிதில் விளங்கியது. ஒரு சாட்சி இரவைப் பார்த்தவர். ஒருவர் விருந்தைப் பார்த்தவர். ஒருவர் மூன்று மாதங்களாக வீட்டின் கணக்கைப் பார்த்தவர். வெறும் வயிற்றுச் சர்க்கரை, நாம் உறங்கும்போது கல்லீரல் எவ்வளவு சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது என்பதை முதன்மையாகக் காட்டுகிறது. இரண்டு மணி நேரச் சர்க்கரையோ, உண்டது வந்து சேர்ந்தபின் கணையம் போதிய இன்சுலினைச் சுரக்கிறதா, தசைகள் அச்சர்க்கரையை வாங்கிக்கொள்கின்றனவா என்பதைக் காட்டுகிறது. ஒருவருக்கு முதல் கதவு சரியாக இருந்து இரண்டாவது கெட்டிருக்கலாம். மற்றொருவருக்கு அதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். ஆகவே, ஒரு சாட்சி “நான் பார்க்கவில்லை” என்று சொல்வதை “நடக்கவில்லை” என்று நாம் எழுதிக்கொள்ளக் கூடாது.

ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு குறை உண்டு. இரண்டு மணி நேரப் பரிசோதனை ஒரே மனிதருக்கே நாளுக்கு நாள் அதிகம் மாறக்கூடியது. ஆகவே மறுமுறை எடுத்து உறுதி செய்வது நல்லது. வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கான இரத்தத்தைச் சாதாரணக் குழாயில் மணிக்கணக்கில் வைத்திருந்தால், இரத்த அணுக்களே சர்க்கரையைச் செலவழித்து அளவைக் குறைத்துவிடும். மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறையும். வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்துச் செல்பவர் வெயிலில் ஐந்து தெரு சுற்றிவிட்டு லேபுக்குப் போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஏ1சி நாளுக்கு நாள் அதிகம் மாறுவதில்லை. ஆனால் அது ஹீமோகுளோபினை நம்பி நிற்பது. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவருக்கு அது அளவை உயர்த்திக் காட்டக்கூடும். அண்மையில் இரத்தம் இழந்தவர், இரத்தம் ஏற்றிக்கொண்டவர் ஆகியோருக்குத் தவறான அளவைத் தரக்கூடும். கர்ப்பிணிகளுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. நம் வீட்டுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர் பலர். தாய்மார்களே, ஏ1சி தாளைக் காட்டும்போது ஹீமோகுளோபின் அளவையும் மருத்துவரிடம் சேர்த்துக் காட்டுங்கள்.

முகாம்களில் பயன்படும் விரல் ஊசிக் கருவியின் நிலை என்ன? அதற்கான உலகத் தர அளவே, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 விழுக்காடு வரை கூடவோ குறையவோ காட்ட இடமளிக்கிறது. உண்மையில் 120 உள்ளவருக்கு அது 102 என்றும் காட்டலாம், 138 என்றும் காட்டலாம். பேரீச்சம்பழம் தொட்ட விரலைக் கழுவாமல் நீட்டினால் இன்னும் ஏறும். எப்போது சாப்பிட்டோம் என்ற கணக்கே இல்லாமல் எடுக்கும்போது, மிகவும் உயர்ந்த சர்க்கரையை அது காட்டிக் கொடுக்கும். வாசலில் நிற்பவரைத் தவறவிட்டுவிடும். நம் சகோதரரின் 132 அத்தகையதே. அக்கருவியைக் குறை சொல்வது நியாயமன்று. அதற்குச் சொல்லத் தெரியாததை அதன் பெயரால் சொன்னது நான்.

பெரியோர்களே!

“முந்தைய நிலையைக் கண்டறிந்து என்ன பயன்?” என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கான பதில் தூர தேசத்தில் இல்லை. நம் இராயபுரத்திலேயே இருக்கிறது. பேராசிரியர் எம்.விசுவநாதன் அவர்கள் 1948ஆம் ஆண்டில் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார்; 1954இல் இராயபுரத்தில் ஒரு பொது மருத்துவமனையை நிறுவினார், அது பின்னர் நீரிழிவுக்கான தனி மருத்துவமனையாயிற்று. அம்மருத்துவமனையையும் அதன் ஆராய்ச்சி மையத்தையும் சேர்ந்த டாக்டர் ஏ.இராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர் செய்த ‘இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்’ என்னும் ஆய்வு 2006ஆம் ஆண்டு வெளியாயிற்று. நீரிழிவு இல்லாத, ஆனால் இரண்டு மணி நேரச் சர்க்கரை முந்தைய நிலையில் இருந்த 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு முறை உயர்ந்திருந்தால் போதாது என்று, குளுக்கோஸ் பரிசோதனையை இரண்டு முறை செய்து உறுதிப்படுத்தியே சேர்த்தார்கள்.

மூன்று ஆண்டுகளில் கண்டது இது: வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். உணவைச் சீர்செய்து, நாள்தோறும் குறைந்தது அரை மணி நேரம் நடந்த குழுவில் அது 39 ஆகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை பெற்ற குழுவில் ஏறக்குறைய 40. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். அதாவது ஆறு ஏழு பேர் மூன்றாண்டுகள் ஒழுங்காக நடந்தால், அவர்களில் ஒருவர் நோயிலிருந்து காக்கப்படுகிறார். இதே மருத்துவர் தலைமையில் 2013இல் வெளியான மற்றோர் ஆய்வில், 35 முதல் 55 வயது வரையிலான உழைக்கும் ஆண்களுக்குக் கைபேசிக் குறுஞ்செய்தி மூலம் நினைவூட்டி வந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினரும், பெற்றவர்களில் 18 விழுக்காட்டினரும் நோயாளி ஆயினர்.

இவ்விரண்டு ஆய்வுகளிலும் ஆள்களைத் தேர்ந்தெடுத்தது இரண்டு மணி நேரப் பரிசோதனையைக் கொண்டே என்பதை மறவாதீர்கள். இந்தப் பலன் உறுதியாக அறியப்பட்டது, விருந்துக்குப் பின் சர்க்கரை ஏறி நின்றவர்களிடத்தில்தான். வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் செய்தால் அவர்களில் பலர் நம் கண்ணுக்குத் தப்பிவிடுவர்.

அனைவரும் உடனே மூன்றையும் எடுக்க வேண்டுமா? அப்படி இல்லை. அதற்கும் நம் சென்னையில் வழி கண்டிருக்கிறார்கள். டாக்டர் வி.மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணுக்கு ஊசி தேவையில்லை. தையல்காரரின் அளவு நாடா போதும். வயது 35க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50உம் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் என்றால் 0. அதற்கு மேல் 10 சென்டிமீட்டருக்குள் 10. அதையும் தாண்டினால் 20. உடற்பயிற்சியும் கடின உழைப்பும் இருந்தால் 0, ஏதேனும் ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லையெனில் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டி 60உம் அதற்கு மேலும் வந்தால் அபாயம் அதிகம். என் வயது 46, இடுப்பு 94, உட்கார்ந்து ஓதிக் கொடுக்கும் வேலை, தாயாருக்குச் சர்க்கரை. 20, 10, 30, 10. ஆக 70. இந்த எண்ணை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நான் எழுதிப் பார்த்திருக்கலாம்.

60ஐத் தாண்டியவர் வெறும் வயிறும் ஏ1சியும் எடுக்கட்டும். இவை எல்லையில் நின்றாலோ, ஒன்றோடொன்று முரண்பட்டாலோ, குளுக்கோஸ் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளட்டும். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து போன சகோதரிகள், பிரசவத்திற்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் குளுக்கோஸ் பரிசோதனையே செய்துகொள்ள வேண்டும். “பிள்ளை பிறந்ததும் போய்விட்டது” என்று விட்டுவிடக் கூடாது.

நம் பகுதிக்கே உரிய சில ஐயங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்திலும், எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளிலும் இரவு ஷிப்டு பார்ப்பவர்களும், விடியுமுன்னே காசிமேட்டில் மீன் ஏலத்திற்குப் போகிறவர்களும் “எங்களுக்கு ஏது வெறும் வயிறு?” என்கிறார்கள். நள்ளிரவில் ஒரு டீ குடித்தாலும் எட்டு மணி நேரக் கணக்கு முறிந்துவிடும். அத்தகையோர் விடுமுறை நாளில் இரவு முழுதும் உறங்கியெழுந்து எடுக்கலாம். அல்லது ஏ1சியில் தொடங்கலாம்.

ரமளானில் அஸர் நேரத்தில், “நோன்பாளிதானே, இப்போதே வெறும் வயிற்று டெஸ்ட் எடுத்துவிடலாம்” என்பவர்கள் உண்டு. அளவுகோல்கள் காலை இரத்தத்தைக் கொண்டு வகுக்கப்பட்டவை. வெறும் வயிற்றுச் சர்க்கரை மாலையைவிடக் காலையில் கூடுதலாக இருப்பது இயல்பு. ஆகவே மாலை அளவு பொய்யான நிம்மதியைத் தரலாம். பரிசோதனைக்காகச் சிறிது இரத்தம் கொடுப்பதால் நோன்பு முறியாது. ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் அதுவே நிலை. ஆகவே ஏ1சியை நோன்போடும் எடுக்கலாம். குளுக்கோஸ் பரிசோதனையைப் பெருநாள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகப் பெருமக்களிடம் நான்கு வேண்டுகோள்கள் வைக்கிறேன். இனி நம் முகாமை லுஹருக்குப் பின் அல்லாமல் ஃபஜ்ருக்குப் பின் நடத்துவோம். வந்தவர்கள் வெறும் வயிற்றோடு வரட்டும். ஊசிக்கு முன் அளவு நாடாவும் அபாய மதிப்பெண்ணும் வரட்டும். சீட்டில் “நார்மல்” என்ற ஒற்றைச் சொல் வேண்டாம். எந்தப் பரிசோதனை, எந்த நேரம், கடைசியாக எப்போது சாப்பிட்டார், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்போம். ஏ1சிக்குச் செலவழிக்க இயலாதவருக்கு நம் மருத்துவ உதவி நிதியிலிருந்து கொடுப்போம். ஒருவரின் கால் விரலை எடுத்தபின் நாம் திரட்டிக் கொடுக்கும் தொகையைவிட அது மிகவும் சிறியது.

நான் இப்போது இஷாவுக்குப் பின் நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கிறேன். வலீமாக்களில் இரண்டாம் முறை பிரியாணி பரிமாற வருபவரிடம் கையால் தட்டை மூடிக்கொள்கிறேன், வருத்தப்பட வேண்டாம். ஆறு மாதம் கழித்து எடுத்ததில் இரண்டு மணி நேர அளவு 146 ஆக இறங்கியிருக்கிறது. இன்னும் வாசலில்தான் நிற்கிறேன். உள்ளே போகாமல் இருக்க துஆ செய்யுங்கள். லாரிச் சகோதரர் இப்போது குணமடைந்து வருகிறார். அடுத்த முகாமில் சீட்டு எழுதும் மேசையில் தாமே அமர்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அல்லாஹ் நம் மஹல்லாவாசிகள் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும், அறிந்ததைச் செயல்படுத்தும் ஆற்றலையும், அறியாததை அறியாது என்று சொல்லும் நேர்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.